எரியக் கூடாத ஐந்தாவது விளக்கு

எழுபதுகளின் கடைசியில் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஈயம் உருக்கிச் சால்டர் வைக்கும் வேலை எனக்கு. எட்டாம் வகுப்புதான் படிப்பு. எலப்புள்ளியிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். கல்பாத்திக்கார என்ஜினீயர் ஒருவர் அங்கே ஒரு எலக்ட்ரானிக் போர்டு செய்துகொண்டிருந்தார். காமிரா ஒரு படத்தைப் பார்க்கும். சர்க்யூட் அதைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டு, கோடு திரும்புகிற மூலையையும் முடிகிற முனையையும் கண்டுபிடித்து, பலகையில் அந்தந்த இடத்து விளக்கை எரிய வைக்கும். சோதனைக்கு ஒரு வெள்ளை அட்டையில் நான்தான் மையால் சதுரம் போட்டுக் கொடுத்தேன். நான்கு மூலை, நான்கு விளக்கு.

ஐந்து எரிந்தது. மேல் வரிசையில், நட்டநடுவில், ஒன்று கூடுதலாக.

வெள்ளிக்கிழமை மேலதிகாரிகள் பார்க்க வருவதாக இருந்தது. தேறினால் அந்தப் பிரிவிலேயே எனக்கு நிரந்தர வேலை. இல்லாவிட்டால் பழையபடி செப்புக் கம்பியில் காயில் சுற்றப் போக வேண்டும்.

"எங்கேயோ ஷார்ட் ஆறது ஓய்" என்றார் என்ஜினீயர்.

"எல்லா ஜாயின்டும் ரெண்டு வாட்டி எடுத்து வெச்சுப்போட்டனுங்க சார்."

"தினம் கும்பிடறீரே, உம்ம பிள்ளையார்ட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"சொல்லிட்டுத்தானுங்க தொடங்குனேன்."

நான்கு நாள். ஐசி மாற்றினோம், கம்பி மாற்றினோம். விரலெல்லாம் சுட்டுப்போயிற்று. அந்த விளக்கைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரிகள் முன்னாலும் அது எரிந்தது. இல்லாத மூலையைக் காட்டுகிற மெஷின் எதற்கு என்று சொல்லிவிட்டு, ஜீப் ஏறிக் கோயமுத்தூர் ரயிலுக்குப் போய்விட்டார்கள்.

ரிப்போர்ட்டோடு சேர்க்கப் புது அட்டை ஒன்று போடச் சொன்னார் என்ஜினீயர். பேனாவை எடுத்தேன். கை தானாக மேலே நடுவில் போய்ப் பிள்ளையார் சுழி போட்டது. போட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தது, பொடியாக. அது போடாமல் எந்தக் காகிதத்தையும் நான் தொடங்கியதில்லை, அவரும் அப்படித்தான். அதனாலேயே நான்கு நாளும் எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் அது படவில்லை. மெஷினுக்குப் பட்டிருக்கிறது.

வெறும் சதுரம் மட்டும் போட்டு இன்னொரு அட்டை வைத்தோம். நான்கு விளக்குதான் எரிந்தது.

"போன் போட்டுச் சொல்லிப் பாக்கலாமுங்களா சார்?"

"என்னன்னு ஓய் சொல்றது? எங்க மெஷின் பிள்ளையாரைக் கண்டுபிடிச்சுடுத்துன்னா?"

சொல்லிவிட்டுச் சிரிக்காமல், போனையும் எடுக்காமல் அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காயில் பிரிவுக்குப் போனேன். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அங்கே கொடுத்த முதல் தாளிலும் கை மேலே போயிற்று. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுழியைப் போட்டேன்.