பீச் ஸ்ட்ரீட்டில் போட்ட கையெழுத்து

போன வாரம் செபராங் ஜெயாவில் ஒரு கூரியர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்த பெண் தகரப் பெட்டியைத் திறந்து, ரப்பர் முத்திரையை ஊதா மையில் அழுத்தி எடுத்தாள். அந்த மையின் வாடை இருக்கிறதே, கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் அழுகிய நாவற்பழம். மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம், அந்தப் பெண் ஒன்றும் செய்யவில்லை. அது இருபது வருடத்துப் பழைய கோபம்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆராய்ச்சி மாணவியாக மலேசியாவின் பினாங்குக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. உதவித்தொகை வேண்டுமானால் உள்ளூர் வங்கியில் கணக்கு வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கணக்கு எண்ணைத் தராவிட்டால் எல்லாம் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும் என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அறைத்தோழி ஸ்டெல்லா போட்ட சோற்றில்தான் உயிர் ஓடியது. ஸ்டெல்லா நிபோங் திபால் என்ற ஊர்ப் பெண், தொழிற்சாலையில் வேலை. அவள் வைக்கும் நெத்திலி சம்பலைப் பற்றித் தனியாகவே எழுதலாம்; இப்போது வேண்டாம், பசிக்கும்.

செவ்வாய்க்கிழமை பீச் ஸ்ட்ரீட்டில் இருந்த ஒரு வங்கிக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் பரமேஸ்வரி என்று பெயர்ப்பட்டை குத்திய அதிகாரி. தமிழ் முகத்தைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். பாஸ்போர்ட், பல்கலைக்கழகக் கடிதம் எல்லாம் சரியாக இருந்தன. கையெழுத்துப் போட்டேன். அங்கேதான் பிடித்தது சனி.

நான் தமிழில் கையெழுத்துப் போடுகிறவள். என் பெயரின் நடுவே ஒரு ழ வரும். அதன் வாலை இழுத்துப் பெயர் முழுவதற்கும் அடிக்கோடாக விட்டிருப்பேன். பதினைந்து வயதில் நானே கண்டுபிடித்த அழகு. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

“மிஸ், இப்படி சைன் போட முடியாது லா. இங்கிலீஷ்ல போடுங்க.”

“எனக்கு இதுதாங்க கையெழுத்து.”

“அப்ப சைன் தெரியாதவங்க மாதிரி பெருவிரல் வச்சிடுங்க. இங்க அப்படித்தான்.”

சொல்லிவிட்டு மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

எங்கள் ஊரில் அதற்குக் கைநாட்டு என்று பெயர். என் அம்மா ரேஷன் கடையில் கைநாட்டு வைத்துவிட்டு, ஊதாக் கட்டைவிரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வீடு வரைக்கும் நடப்பாள். அதில் அவளுக்கு என்ன கேவலம்? அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பாதவர்களுக்குத்தான் கேவலம். ஆனாலும் அப்படி விரலை மறைத்துக்கொண்டு நடந்தவள்தான் என்னை எம்.எஸ்சி. வரை படிக்கவைத்தாள். மைப்பெட்டியை மூடினேன். மெதுவாக மூடத்தான் நினைத்தேன். டப்பென்று சத்தம் வந்து காவலாளி திரும்பிப் பார்த்தார்.

அன்று கணக்கு இல்லாமல் திரும்பினேன்.

“இங்கிலீஷ்ல ஒரு கிறுக்கு கிறுக்கிட்டு வர வேண்டியதுதானே? சோத்துக்கு வழி இல்ல, ரோஷத்தப் பாரு,” என்றாள் ஸ்டெல்லா. அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் எரிச்சல் கூடியது.

வியாழக்கிழமை மறுபடி போனேன். எனக்கு முன்னால் ஒரு சீனப் பெரியவர். பேனாவை எடுத்து, படம் வரைவதுபோல் சீனத்தில் மூன்று எழுத்துப் போட்டார். பரமேஸ்வரி வாங்கி முத்திரை குத்தி அனுப்பினார்.

“அவர் போட்டது இங்கிலீஷா?” என்று கேட்டேன்.

பரமேஸ்வரியின் முகம் மாறியது. “அது இங்க வழக்கம் லா மிஸ்.”

“அப்ப இதையும் வழக்கமாக்குங்க.”

எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. மேனேஜர் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்ட, பொறுமையான மனிதர். “எங்களால் இதைப் படிக்க முடியாதே, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டு, வெற்றுத்தாளில் ஐந்து முறை போடச் சொன்னார். மூன்றாவது ழகரத்தின் வால் தவளைக்கால் மாதிரி கோணிக்கொண்டது. முடியாது என்று தலையை ஆட்டினார். என் வீரத்தில் பாதி அங்கேயே வடிந்துவிட்டது.

அப்போது பரமேஸ்வரி விண்ணப்பத்தைத் திருப்பித் தருவதுபோல் என் பக்கம் நகர்த்தினார். அவருடைய சுண்டுவிரல் ஒரு வரியின் மேல் நின்றது.

“அத அவர்கிட்ட படிச்சுக் காட்டுங்க,” என்றார், உதடு அசையாமல்.

கையொப்பம் பாஸ்போர்ட்டில் உள்ளதைப் போலவே இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. தமிழிலேயே கையெழுத்துப் போட்டிருந்த என் பாஸ்போர்ட்டை விரித்து வைத்து, அந்த வரியைக் கொஞ்சம் உரக்கவே படித்தேன். வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்டிருக்கும். மேனேஜர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், இன்னொரு தாளை நீட்டினார். இந்த முறை ஐந்தும் அச்சில் அடித்ததுபோல் வந்தன.

வெள்ளிக்கிழமை காலை கணக்கு எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த வருடம் ஸ்டெல்லா தன் அம்மாவை அதே வங்கிக்குக் கூட்டிப்போனாள். அந்த அம்மா பைராம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்தான். ஆனால் போன இடத்திலெல்லாம் விரலைக் கேட்டதால், விரலையே நீட்டப் பழகியிருந்தார். பரமேஸ்வரி பேனாவைக் கொடுத்து, “தமிழ்லயே போடுங்கம்மா, இங்க போடலாம்,” என்றாராம். அந்தோணியம்மாள் என்று ஒவ்வொரு எழுத்தாக அவர் எழுதி முடிக்கும்வரை வரிசை காத்திருந்ததாம். “எங்கம்மாவுக்கு எழுதத் தெரியும்ங்கறதே எனக்கு மறந்துபோச்சுடி,” என்று அன்று சாயங்காலம் ஸ்டெல்லா சொன்னாள். அதற்குப் பிறகு அவள் என் ரோஷத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கிளை இப்போது இல்லை. கட்டடம் நிற்கிறது, உள்ளே காபிக்கடை. பரமேஸ்வரி எங்கே மாற்றலாகிப் போனார் என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. இப்போது வரும் மாணவர்கள் சிலருக்குக் கைபேசியே கணக்கைத் திறந்து கொடுத்துவிடுகிறது, சிலருக்கு மறுத்தும்விடுகிறது. போன மாதம் மதுரையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மறுத்தது. ஏன் என்று சொல்லவில்லை. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வங்கியின் எண்ணுக்கு அழைத்தேன். பதிவுசெய்த குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. நாற்பது நிமிடம் அழுத்தினேன். சண்டை போடத் தயாராகத்தான் இருந்தேன். எதிரே ஆள்தான் வரவில்லை.