எதெல்மிரா யாரிடமும் கேட்பதில்லை

எதெல்மிரா கடற்பாசிக் குவியலுக்குள் முழங்கை வரை கையை நுழைத்து, கண்ணை மூடி நிற்கிறாள். மழை தூறுகிறது. கம்பளிக் குல்லாவின் விளிம்பிலிருந்து நீர் மூக்கின்மேல் சொட்டுகிறது, அவள் துடைப்பதில்லை. உரத்துக்காகக் குவித்த பாசி உள்ளே சூடேறி மக்கத் தொடங்கிவிட்டதா என்று கைதான் பார்த்துச் சொல்ல வேண்டும். "இன்னும் தூங்குது," என்று கையை உருவிக்கொள்கிறாள். விரலில் தொற்றி வந்த குட்டி நண்டைப் பார்த்து, "நீ எதுக்குடா இம்மாந்தூரம் மேடு ஏறி வந்த?" என்கிறாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன் லிசார்தோ தன் குவியலில் இரும்புக் கம்பியைச் செருகி, ஆறு சுருட்டு பிடிக்கும் நேரம் காத்திருந்து, உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். அவருக்கும் அதே விடைதான் கிடைக்கிறது. ஆனாலும் கம்பியை நன்றாகத் துடைத்து, எடுத்த ஆணியிலேயே மாட்டிவிட்டுத்தான் நகர்வார்.

பூமியின் தென்பாதியில் உள்ள லெமுய் தீவில் அக்டோபரில்தான் வசந்தம்; அது வந்தால் குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்த வேலைகள் எல்லாம் ஒரே நாளில் எழுந்து வாசலில் நிற்கும். ஆட்டுக்குட்டிகளுக்கு வால் நறுக்க வேண்டும். புயல் சாய்த்த வேலிக் கட்டைகளை நிமிர்த்த வேண்டும். கோழியை அடைக்கு வைக்க வேண்டும். கடல் வற்றும் நேரம் பார்த்துப் பாசி அள்ளி, காளை பூட்டிய சறுக்குவண்டியில் மேட்டுக்கு ஏற்ற வேண்டும். புல்தரையைப் புரட்டி உருளைக்கிழங்கு நட வேண்டும். எதெல்மிராவின் கணவர் தெற்கே ஆட்டுப் பண்ணைகளுக்கு ரோமம் கத்தரிக்கப் போய்விட்டார்; கோடை முடிந்துதான் வருவார். அவள் எல்லாவற்றையும் தனியாகவே செய்கிறாள், அதுவும் ஏதோ விருந்துக்கு ஏற்பாடு செய்கிறவளைப் போல.

அவளுடைய வீட்டுச் சுவரில் வரிசையாக ரப்பர் பூட்ஸுகள் தொங்குகின்றன. எல்லாம் இடக்காலுக்கு உரியவை. மண்வாரியை வலக்காலால் மிதித்து மிதித்து வலது பூட்ஸ் கிழிந்து போகும். இடது அப்படியே இருக்கும். ஒற்றைப் பூட்ஸ் எந்தக் கடையில் விற்கிறார்கள்? ஜோடியாக வாங்கி, மிஞ்சும் இடது பூட்ஸில் மண் நிரப்பி முட்டைக்கோஸ் நாற்று விடுகிறாள். நத்தை ஏற முடியாத உயரம், குளிர்ந்த தெற்குக் காற்று படாத சுவர். பாதிரியார் ஒருமுறை வந்தபோது, "உன் வீட்டில் எத்தனை பேர் நொண்டி?" என்று கேட்டார். "ஒருத்தரும் இல்ல சாமி. எல்லாரும் முட்டைக்கோஸுதான்," என்றாள்.

பாத்தி போடுவதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒத்துப் போகாது. லிசார்தோ முளை அடித்து, நூல் கட்டி, இரண்டு முனையிலும் குனிந்து பார்த்துவிட்டு வெட்டுவார். அவள் எதிரே இருக்கும் ஒரு மரத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டே வெட்டுவாள். கோடு நேராகத்தான் வரும். லிசார்தோ இரண்டொரு முறை அவள் இல்லாத நேரம் நூல் பிடித்துப் பார்த்திருக்கிறார். பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் படகில் போகும்போதெல்லாம், குன்றின்மேல் கறுப்புக் கோடு கோடாகப் பாசி பரப்பிய சரிவு கண்ணில் பட்டதும், பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தொட்டு, "அது என் தங்கச்சி வயல்," என்பார். படகுக்காரர், "தெரியும்யா, போன வாரமும் அங்கதான் இருந்துச்சு," என்பார்.

இன்னொரு வினோதம் உண்டு. புதருக்குள் சுக்காவ் என்னும் சின்னப் பறவை கத்தும். வலப்பக்கம் கத்தினால் போன காரியம் பலிக்கும். இடப்பக்கம் கத்தினால் மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். எதெல்மிரா திரும்புவதில்லை. நின்ற இடத்தில் சுழன்று, போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போவாள். "இப்ப அது வலப்பக்கந்தானே கத்துது?" என்பாள். இப்படிப் போய் ஓடையில் விழுந்ததும் உண்டு. "விழுந்தாலும் போய்ச் சேந்துட்டேன்ல?"

சனிக்கிழமைகளில் யார் வீட்டிலாவது மிங்கா இருக்கும். ஊரே ஒரு வயலில் இறங்கி, பொழுது சாய்வதற்குள் நட்டு முடித்து, வீட்டுக்காரர் போடும் கிழங்கு அடையும் பன்றி வறுவலும் தின்று போகும். அங்கே முதல் ஆளாய் வந்து நிற்பவள் எதெல்மிரா. சொந்த மண்வெட்டி கொண்டு வருவாள். கடைசிப் பாத்தி முடியாமல் நிமிர மாட்டாள், கடைசி ஆள் தின்னாமல் தின்ன மாட்டாள். போகும்போது நட்டது போதாதென்று தன் விதைக்கிழங்கில் ஒரு கூடை வைத்துவிட்டுப் போவாள். "உன் வயலுக்கு நாங்க எப்ப வரட்டும்?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "எந்தோட்டம் சின்னது. அந்த வேலை எனக்கே பத்தாது."

மிங்கா அழைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நிலத்துக்கு உரியவர் தாமே ஒவ்வொரு வீட்டுக்கும் போய், படலுக்கு வெளியே நின்று, தலையில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு, தம் வாயால் கேட்க வேண்டும். வேறு ஒருவர் போய்க் கேட்டால் செல்லாது. கேட்காதவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது பிச்சை போடுவது போலாகும். மானமுள்ள வீட்டுக்கு யாரும் அதைச் செய்யமாட்டார்கள். எதெல்மிரா எந்தப் படலின் முன்னும் நின்று குல்லாவைக் கழற்றியதில்லை.

இந்த வசந்தத்தில் அவளுடைய பெண்பன்றி நிறைமாதமாக இருந்தது. பெயர் சீமாட்டி. தீவில் எல்லாப் பன்றிகளின் கழுத்திலும் மூன்று கட்டைகளை முக்கோணமாகக் கட்டி மாட்டியிருப்பார்கள். அது இருந்தால் வேலிச் சந்தில் தலை நுழையாது. எதெல்மிரா அந்தக் கட்டையைக் கழற்றி விட்டாள். லிசார்தோ வேலியோரம் வந்து நின்றார்.

"கட்டைய மாட்டும்மா. பட்டியில நாலு பலகை ஆடுது."

"ஈனப் போறவ கழுத்துல கட்டையோட எப்படிண்ணே படுப்பா? புரண்டு படுக்க வேணாமா?"

"பன்னிக்கு அதெல்லாம் பழக்கந்தான்."

"ஒனக்குப் பிரசவத்தப் பத்தி என்ன தெரியும்? நீ போய் நூலைக் கட்டு."

அப்போது விதைக்கிழங்குகள் கொட்டகைத் தரையில், வைக்கோலின்மேல், சன்னல் வெளிச்சத்தில் பரப்பிக் கிடந்தன. கறுப்பு, ஊதா, விரல் போல் நீண்டது, முடிச்சு முடிச்சாய் உருண்டது, ஒவ்வொன்றும் தனித்தனி வரிசை. முளைகள் குட்டையாய்க் கெட்டியாய் வந்திருந்தன. அவள் தினமும் மண்டியிட்டு ஒவ்வொன்றையும் முளை மேலே இருக்கும்படி திருப்பி வைப்பாள். வயலும் தயார். புல் புரட்டியாகிவிட்டது, மக்கிய பாசி கலந்தாகிவிட்டது. தேய்பிறை முடிவதற்குள் நட வேண்டியதுதான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை காலை லிசார்தோவுக்கு அவளுடைய குரல் கேட்டது. கத்தல் இல்லை, "அடி பாவி, அடி பாவி" என்று தணிந்த குரலில் திரும்பத் திரும்ப. ஓடிப் போய்ப் பார்த்தார். சீமாட்டி பட்டிப் பலகையை நெம்பி வெளியே வந்து, கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்து, அந்த வைக்கோலை எல்லாம் வாயால் வாரி நடுவில் குவித்து, கூடு கட்டி, ஈன்றிருந்தாள். வரிசைகள் எங்கும் இல்லை. கிழங்குகள் மிதிபட்டு, நசுங்கி, முளைகள் உதிர்ந்து, வைக்கோலோடும் ஈரத்தோடும் குழம்பிக் கிடந்தன. அந்தக் குழம்பலின் நடுவே இளஞ்சிவப்புக் குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"எழுப்பி வெரட்டு! அடியில இருக்கறதாவது மிஞ்சும்," என்றார்.

"இப்ப எழுந்தா குட்டிய மிதிச்சிருவா."

"விதை போகுதும்மா!"

"போயிருச்சுண்ணே. போனது போனதுதான். மெதுவாப் பேசு, இவ பயந்துக்குவா."

அன்று முழுவதும் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சீமாட்டி புரளும்போதெல்லாம் குட்டிகளை இழுத்து நகர்த்தினாள். மறுநாள் பன்றி தானாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போன பிறகுதான் வைக்கோலைக் கிளறினாள். நடுவதற்கு ஆகும் கிழங்கு ஒரு கூடைகூடத் தேறவில்லை.

லிசார்தோ அன்று மாலை அவளுடைய அடுப்படியில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "எங்கிட்ட இருக்கற விதையில பாதி எடுத்துக்க."

"ஒன் வயல்ல பாதி சும்மா கெடக்கவா?"

"அப்ப போய்க் கேளு. இந்தத் தீவுல உன் விதை நடாத வயல் எது? உன் கைபடாத பாத்தி எது? ஒரு வார்த்தை கேட்டா மூட்டையோட வந்து நிப்பாங்க."

"கேட்டுப் பழக்கமில்லண்ணே," என்றாள் அவள். அடுப்பில் இன்னொரு விறகை வைத்தாள். அது தேவைப்படவில்லை.

லிசார்தோவுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. தங்கையை அவருக்குத் தெரியும். ஆடுகளை விற்றாவது குளிர்காலத்துக்குக் கிழங்கு வாங்கித் தின்பாள், கேட்கமாட்டாள். அவர் தாமே வீடு வீடாகப் போய்க் கேட்டுவிடலாம்; ஆனால் அது செல்லாது, அவளும் மன்னிக்கமாட்டாள். நாளாக நாளாகப் புரட்டிய மண்ணில் புல் ஏறிவிடும். கணவன் திரும்பி வரும்போது கிழங்கு அறை வெறும் பலகையாக இருக்கும்.

வியாழக்கிழமை காலை அவர் வெளியே வந்தபோது எதெல்மிரா வயலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். விதை கேட்டுத் திறந்து கிடக்கும் அந்தக் கறுத்த மண்ணைப் பார்த்தபடியே பேசினாள்.

"எனக்குன்னா கேக்கமாட்டேன்ணே. ஆனா இதுக்குச் சோறு போடறேன்னு சொல்லிப் பந்தியில உக்கார வச்சுட்டேன். வெறும் எலையோட எழுந்திருன்னு எப்படிச் சொல்றது?"

தொட்டியருகே போய், காலில் இருந்த பூட்ஸுகளைக் கழுவினாள். வார நாளில் அவள் பூட்ஸ் கழுவி லிசார்தோ பார்த்ததில்லை.

அவள் பாதையில் இறங்கியதும் அவர் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு கீழ் வேலிக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் ஆர்தெமியோ கொலிவோரோவின் படல் தெரியும். தீவிலேயே வாய்த்துடுக்கு மிக்க கிழவர். அவர் வந்தால் மற்ற எல்லாரும் வருவார்கள். அவரிடம் முதலில் போவதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

படலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது இடப்பக்கப் புதரில் சுக்காவ் கத்தியது.

எதெல்மிரா நின்றாள். வீட்டுக்குத் திரும்ப இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. தீவில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். லிசார்தோ சுத்தியலை ஓங்கியபடியே நின்றார். அவள் நின்ற இடத்தில் சுழன்றாள். முகம் இப்போது அண்ணனைப் பார்த்து இருந்தது. அப்படியே, கழுவிய பூட்ஸுகளால் தரையைத் துழாவித் துழாவி, பின்பக்கமாகப் படலை நோக்கி நடக்கத் தொடங்கினாள். லிசார்தோ சட்டென்று குனிந்து, ஏற்கெனவே இறங்கியிருந்த ஆணியை மறுபடி அடித்தார்.

கொலிவோரோவின் நாய்கள் குரைக்க மறந்து நின்றன. கிழவர் வாசற்படியில் மாத்தே என்னும் இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா எதெல்மிரா, வர்றியா, போறியா?"

"வர்றேன் மாமா."

"சீமாட்டி சௌக்கியமா? மெத்தை வசதியா இருந்துச்சாமே?"

"தாயும் பிள்ளைகளும் சௌக்கியம்."

"நீ?"

அவள் முதுகு படலில் முட்டி நின்றது. கிழவர் குவளையைப் படியில் வைத்துவிட்டு எழுந்து வந்து, படலின் குறுக்குக் கட்டையில் கை வைத்துக் காத்திருந்தார். புதரில் பறவை இன்னொரு முறை கத்தியது, இப்போது வலப்பக்கம்.

எதெல்மிரா இரண்டு கையாலும் கம்பளிக் குல்லாவைப் பிடித்து, மெதுவாகத் தலையிலிருந்து கழற்றினாள்.