முன்னால் ஓடியவள்

மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் இன்று சுமதி முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன்.

எங்கள் கல்லூரியின் எண்ணூறு மீட்டர் சாதனை இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது. அன்று அவளுக்காக முதல் சுற்றில் வேகம் கூட்டி முன்னால் ஓடிக்கொடுத்தவள் நான். நானூறு மீட்டரில் ஓரமாக விலகிக்கொண்டேன். அதுதான் என் வேலை.

"சுமதி, என்னைத் தெரியுதா?"

"தெரியலையே... நீங்க எந்த பில்டிங்?"

"ஸாரி, ஆள் மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பத்தடி போயிருப்பேன். பின்னாலிருந்து கத்தினாள்.

"அடியே மேரி! நீயா?"

அன்று அவள் பார்த்து ஓடியது என் முதுகைத்தானே.

நான் திரும்பவில்லை. முன்னால் ஓடுபவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது கோச் போட்ட சட்டம்.

உங்களையும் முதுகை வைத்து அடையாளம் கண்டவர்கள் உண்டா?