புரிஞ்சுது, டீச்சர்!

எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சரை யாரும் கணக்கு டீச்சர் என்று கூப்பிடுவதில்லை. டிவி டீச்சர் என்றால்தான் தெரியும். இயற்பியல் எடுத்த சார் மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இடத்துக்கு ஆளே வரவில்லை. தலைமை ஆசிரியர் பத்தாம் வகுப்பு இயற்பியலைத் தூக்கி இவள் தலையில் கட்டினார். கூடவே ஒரு பெரிய டிவியையும் கொடுத்து, கல்வி அலைவரிசையில் வாரம் மூன்று நாள் பாடம் வரும், போட்டுக் காட்டினால் போதும் என்றார். போட்டுக் காட்டினால் போதுமாம்! அவரை ஒரு நாள் அந்த அறையில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

இவள் எதையும் ஏனோதானோவென்று செய்கிற ரகம் கிடையாது. முந்தின நாளே பாடத்தைப் படித்துவிட்டு, புதுச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி வைப்பாள். வீட்டில் ஒரு கையில் கரண்டி, மறு கையில் இயற்பியல் புத்தகம். பஸ் ஓட்டுகிற அவள் கணவர், "பரீட்சை உனக்கா, பிள்ளைங்களுக்கா?" என்று கேலி செய்வார். "எனக்குத்தான்" என்பாளாம். மொழிப்பாடத் தாள்களைத் திருத்தியபடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் அவள் பயந்து கிடந்தது எனக்குத் தெரியும்.

டிவியில் வரும் அம்மா படுவேகமாகப் பேசுவார். கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சொல்ல வழியில்லை. நடுநடுவே கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடி காத்திருப்பார். அதற்குள் வகுப்பு மொத்தமும் பதிலைச் சொல்ல வேண்டும் என்பது இவள் செய்த ஏற்பாடு. காலையில் ஏ பிரிவில் முன்வரிசை நாலு பேர் சொல்வதை மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அதே பாடம் மதியம் பி பிரிவுக்கு மறு ஒளிபரப்பாகும். சாப்பாட்டு வேளையில் பதில்கள் கைமாறிவிடும். கேள்வி முடியும் முன்பே பி பிரிவு கத்தும். கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்பாள். "புரிஞ்சுது, டீச்சர்!" என்று கூரை அதிரும்.

"அதுங்க சும்மா கத்துதுங்கடி" என்றேன் ஒருநாள்.

"கண்ணு வைக்காத. சந்தோஷமா கத்துதுங்கல்ல?"

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு படிவம் நிரப்பிக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மாணவியர் புரிதல் எப்படி என்ற கட்டத்தில் 'மிக நன்று' என்று எழுதுவாள். சுமார் என்று எழுதினால் டிவியையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயம். கீழே நாலு வரி விளக்கம் நான் எழுதித் தருவேன். 'மாணவியர் ஆர்வம் பொங்கப் பங்கேற்றனர்' என்பதெல்லாம் என் கைவண்ணம். எனக்கு அவளுடைய பயம்கூடக் கிடையாது, வாக்கியம் அழகாக விழுந்தால் போதும்.

அரையாண்டுத் தேர்வில் எண்பத்திரண்டு பேரில் இருபத்தாறு பேர்தான் தேறினார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை. இயற்பியலுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று தானே விண்ணப்பம் எழுதி, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. 'தங்கள் பள்ளியில் ஒளிபரப்பு வழிக் கற்பித்தல் சிறப்பாக நடைபெறுவதால் தனி ஆசிரியர் தேவை எழவில்லை.' ஆதாரமாக எங்கள் படிவங்களின் நகல்களை இணைத்திருந்தார்கள். என் வாக்கியங்களுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

அவள் விடவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போனாள். "நாங்க எழுதினது தப்பு சார். மார்க்கப் பாருங்க."

"அரையாண்டுல எல்லா ஸ்கூல்லயும் கம்மிதாம்மா" என்றார் அதிகாரி.

"ஒரு தடவை நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார்."

வந்தார். பி பிரிவின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். அன்றைக்குக் கம்பியில் மின்னோட்டத்துக்கு ஏற்படும் மின்தடை பற்றிய பாடம். டிவி அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் பாய்ந்து வந்தது. பாடம் முடிந்ததும் இவள் டிவியை அணைத்துவிட்டுப் பிள்ளைகள் முன்னால் நின்றாள்.

"பயப்படாம சொல்லுங்க. புரியலன்னா புரியலன்னே சொல்லணும். நான் திட்டவே மாட்டேன். புரிஞ்சுதா?"

பிள்ளைகள் திரும்பி அதிகாரியைப் பார்த்தார்கள். அப்புறம் அவளைப் பார்த்தார்கள்.

"புரிஞ்சுது, டீச்சர்!"

அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"சார், யாராவது ஒருத்தரக் கூப்பிட்டுக் கேளுங்க" என்று பதறினாள்.

"எதுக்கும்மா? அதான் கண்ணால பாத்துட்டேனே. நீங்க ரொம்பத் தன்னடக்கம்."

அவர் ஜீப் கிளம்பியதும் முன்வரிசைப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். முகமெல்லாம் பல். "பாத்தீங்களா டீச்சர்? உங்கள நாங்க விட்டே குடுக்கல!"

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. அறைய வேண்டியது என்னைத்தான். டிவி டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கம்பி நீளமானா மின்தடை ஏன் கூடுது? சொல்லு."

பெண்ணின் சிரிப்பு மறைந்தது. "தெரியல டீச்சர்."

"எனக்கும் சரியாத் தெரியாதும்மா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"பொதுத்தேர்வுக்கு எட்டு வாரம்தானே இருக்கு. அப்ப எங்களுக்கு யாரு டீச்சர் சொல்லித் தருவா?"