நீட்டி ஊதுகிற சங்கு

என் கணவரின் மண்டையை நான் ஒருமுறை திருவலையால் உடைத்திருக்கிறேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், கைக்கு எட்டியது அதுதான். உலக்கை எட்டியிருந்தால் அன்றைக்கே விதவையாகியிருப்பேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. அவருக்குக் கீழே எங்கள் பிள்ளை மூச்சில்லாமல் கிடந்தது.

எங்கள் வீடு திருகோணமலையில் கடற்கரையை ஒட்டிய ஓர் ஒழுங்கையில், ஒடுக்கமான தெருவில் இருந்தது. சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. காலையில் அவர் முற்றத்தில் பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். பிள்ளை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ கடலில் மீனுக்கு டைனமைட் போட்டான். பிடித்தால் மறியலில் போடுவார்கள், என்றாலும் எங்கள் பக்கத்தில் அது ஓயாது நடந்தது. நிலம் ஒருதரம் அதிர்ந்தது.

"படு! படு!" என்று கத்திக்கொண்டு அவர் பிள்ளையோடு குப்புற விழுந்தார். நல்ல பாரமான ஆள். நான் இழுத்தேன், கடித்தேன், தலைமயிரைப் பிடித்து உலுக்கினேன். முழங்கையால் என் வாயில் ஒன்று போட்டார். முன்பல் இரண்டு போயிற்று. பிள்ளையின் கால் மட்டும் வெளியே தெரிந்தது, அது நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் திருவலையைத் தூக்கினேன்.

பிள்ளை பிழைத்தது. அவர் தலையில் தையல் போட்டுக்கொண்டு வந்து, குசினி வாசலில் இருந்து அழுதார். தான் செய்தது என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை.

கல்யாணம் பேசும்போது, "மாப்பிள்ளை யுத்தத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர், வெள்ளைக்காரன் மெடல் கொடுத்திருக்கிறான்" என்றார்கள். நானும் பெருமைப்பட்டேன். யப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட காலையில், பக்கத்தில் நின்றவனின் தலை இவருடைய மடியில் வந்து விழுந்தது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. மெடலையா வைத்துக் குடும்பம் நடத்துவது?

திருவலைச் சம்பவத்துக்குப் பிறகு என் அண்ணன்மார் வந்தார்கள். அவர்கள் கண்ட வைத்தியம் கயிறு. அடுத்த வெடிக்கு அவரைத் துடுப்பால் அடித்து விழுத்தி வேப்பமரத்தில் கட்டினார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்து, மிளகாய்ப் புகை போட்டுப் பிரம்பால் விளாசினார்கள். கயிறு தளர்ந்ததும் அவர் பெரியண்ணனின் தாடையைப் பெயர்த்துவிட்டார். முற்றமெல்லாம் இரத்தம். பெரியண்ணன் வீங்கின வாயோடு தீர்ப்புச் சொன்னார்.

"இவனைக் கொழும்புப் பக்கம் விசர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவம். இல்லாட்டி ஒருநாளைக்கு இந்தப் பிள்ளையைச் சாக்காட்டிப் போடுவான்."

 அந்த நீலக் கால் என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. அவரை அனுப்பினால் அவர் போய்விடுவார், வைத்திருந்தால் பிள்ளை போய்விடும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்றால் தாய் எதைச் செய்வாள்? சம்மதித்துவிட்டேன்.

அதைக் கேள்விப்பட்டு, அவரோடு ஒரே பீரங்கியில் நின்ற கூட்டாளி கிண்ணியாவில் இருந்து பாதையேறி வந்தார். பாதை என்றால் அந்தக் காலத்தில் பஸ்ஸையும் ஆட்களையும் இக்கரைக்கு ஏற்றிவருகிற தட்டைப் படகு. முஸ்லிம் மனிதர், நெல் வியாபாரி. என் கணவரின் முதுகில் கிடந்த பிரம்புத் தழும்புகளைப் பார்த்துவிட்டு என் அண்ணன்மாரை வாய்க்கு வந்தபடி ஏசினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தங்கச்சி, அவன் கொல்லுறதுக்குப் படுக்கல்ல. காப்பாத்தத்தான் படுக்கான். சைரன் ஏத்தி எறக்கி ஊதினா பிளேன் வருது, படுக்கணும். ஒரே இழுவையா நீட்டி ஊதினா எல்லாம் போயிட்டு, எழும்பலாம். அண்டைக்கு அந்த நீட்டு ஊதல் எங்களுக்குக் கேக்கல்ல. காது ரெண்டும் அடைச்சிப் போச்சி. இவன் இன்னும் அதத்தான் பாத்துக்கிட்டு இரிக்கான்."

சாக்குப் பைக்குள் இருந்து ஒரு சங்கை எடுத்து என் கையில் தந்தார். "சைரனுக்கு எங்க போறது? இத நீட்டி ஊதிப் பாருங்க."

சங்குக் கதை ஒழுங்கை முழுக்கப் பற்றிக்கொண்டது. எங்கள் ஊரில் செத்த வீட்டில்தான் சங்கு ஊதுவார்கள். முன்வீட்டுக்காரி வேலிக்கு மேலால் கத்தினாள்.

"புருஷன் உயிரோடை இருக்கேக்கை முத்தத்திலை சங்கு ஊதுறதோ? உனக்கும் விசரோ?"

"உன்ரை மனிசன் டைனமைட் போடாட்டி எனக்கேனடி சங்கு?" என்றேன். ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் வாய்விட்டுச் சொன்னவள் நான்தான். அவள் வேலியைத் தாண்டி வந்து என் கொண்டையைப் பிடித்தாள், நான் அவளுடைய காதைப் பிடித்தேன். தோடு அறுந்தது. எங்களைப் பிரித்துவிடக் கிண்ணியாக்காரர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

அடுத்த வெடி கேட்டபோது அவர் என்னையும் பிள்ளையையும் சேர்த்து அமுக்கினார். நான் இழுக்கவில்லை, கடிக்கவில்லை. ஒரு கையைப் பிடுங்கிச் சங்கை எடுத்தேன். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. மூச்சு முட்டும் மட்டும் நீட்டி ஊதினேன். அவருடைய தோள் மெல்லத் தளர்ந்தது. எழுந்தார், பிள்ளையின் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார். நான் அந்த மண்ணிலேயே இருந்து குழறி அழுதேன்.

ஆஸ்பத்திரிப் பேச்சு நின்றது. சங்கு அவரை மாற்றிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஊதப் பிந்திய ஒருநாள் என் மணிக்கட்டை முறித்தார். ஆனால் ஒழுங்கை மாறியது. அவர் "படு" என்றால் யாரும் அவரைப் பிடிக்கப் போகவில்லை. நின்ற இடத்தில் படுத்தார்கள். மீன்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டுப் படுப்பாள். காகம் சூடை மீனைத் தூக்கிக்கொண்டு போகும், அவள் படுத்தபடியே காகத்தின் பரம்பரையை ஏசுவாள். நான் ஊதினதும் எல்லாரும் எழும்பிப் போவார்கள். யாரையும் அவர் நசுக்காமல் இருக்கப் பின்வளவில் பெரிய குழி ஒன்று வெட்டினோம். வெட்டியது முன்வீட்டு டைனமைட்காரன். என் முகத்தைப் பார்க்காமலே வெட்டினான்.

இப்படியே வருஷங்கள் ஓடின. அந்தப் பிள்ளை, என் மகள், வளர்ந்து கல்யாணமும் முடித்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், அவள் கைக்குழந்தையோடு வந்து நின்ற நேரம், பட்டினத்தில் கலவரக்காரர்கள் தமிழ்க் கடைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். மத்தியானம். கரும்புகை எங்கள் கூரைக்கு மேலால் போனது. பெரிய வெடிச்சத்தம் ஒன்று கேட்டது. "படு!" என்றார் அவர். மகளையும் குழந்தையையும் குழிக்குள் தள்ளி மேலே கவிந்தார். வேலி தாண்டி ஓடிவந்த முன்வீட்டுக்காரியும் நானும் பின்னால் விழுந்தோம்.

ஒழுங்கை முகப்பில் இருந்த வீட்டில் யாரையோ வெட்டினார்கள். அந்தக் குரல் இருந்தாற்போல நின்றது. அடுத்த வீட்டுக் கூரை எரிந்து விழுந்தது. குழந்தை அவருடைய நெஞ்சுக்குக் கீழே முனகியது. முன்வீட்டுக்காரி என் கையைப் பிறாண்டினாள்.

"அக்கா, பிள்ளைக்கு மூச்சு முட்டுது. ஊதுங்கோவன்."

சங்கு என் சேலை மடியில்தான் இருந்தது. எடுத்து வாயில் வைத்தேன். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். விசர் பார்வை இல்லை. கல்யாணத்தன்று பார்த்தாரே, அந்தப் பார்வை. முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்தி, குழந்தைக்கு மூச்சுவிட இடம் கொடுத்தார்.

"போயிட்டாங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். "இன்னும் போகேல்லை. நீங்கள் படுங்கோ."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சங்கை மடியில் செருகிவிட்டு நானும் அவருக்குப் பக்கத்தில் மண்ணில் முகத்தைப் புதைத்தேன். எல்லாம் போய்விட்டது என்று நம்பி, அதற்குப் பிறகு இன்றுவரை நான் அந்தச் சங்கை ஊதவில்லை.