வெள்ளானூரில் ஒரு கணப்படுப்பு

ஆவடிப் பக்கம், வெள்ளானூரில், ஹாலுக்குள் குளிர்காயக் கணப்படுப்பு கட்டிய ஒரே மனிதர் என் சித்தப்பாவாகத்தான் இருப்பார். வெயிலில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் ஊர் எங்களுடையது. கொத்தனாருக்கே பொறுக்கவில்லை. "இன்னா சார், சமையல் ரூம் அந்தாண்ட கீது, ஹால்ல எதுக்கு அடுப்பு?" என்று கேட்டே விட்டார். சித்திக்குப் பிறந்த ஊர் குன்னூர். மழைக்காலம் வந்தால் தணல் முன்னால் உட்கார்ந்து டீ குடிக்கவேண்டும் என்று ஏங்குவாள். ஐடி சம்பளம் வாங்கும் புருஷனுக்கு அது போதாதா?

அடுப்பு கட்டி முடிந்த அன்றே சித்தி சட்டம் போட்டுவிட்டாள். ஈர விறகு கூடாது. புகைக்கூண்டுக்குள் இருக்கும் இரும்புத் தகட்டைத் திறந்த பிறகுதான் தீக்குச்சி. சாம்பல் ஆறும்வரை அந்தத் தகட்டை மூடக் கூடாது. ஒரு ஜன்னலாவது திறந்தே இருக்கவேண்டும். மற்றதெல்லாம் சரி, ஜன்னல் விஷயம்தான் எங்கள் வீட்டில் எடுபடவில்லை. கொசுவுக்குப் பயந்து பகலிலேயே ஜன்னலைச் சாத்தி வைக்கிற ஏரியா இது. "குளிர்காயறதுக்குக் கொசுவுக்கு ரத்தம் குடுக்கணுமா?" என்பாள் அம்மா.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு புயல் மழை. கரண்ட் போய்விட்டது. அப்பா டூட்டிக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டார். சித்தப்பா பெருமையாக அடுப்பை மூட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா, சித்தப்பா, தம்பி, நான் எல்லோரும் அதன் முன்னால் பாயை விரித்து உட்கார்ந்தோம். சித்தி மட்டும் மாடியில் ஒழுகும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தீ அடங்கித் தணல் மட்டும் சிவப்பாக இருந்தது. புகையே இல்லை. கூண்டு வழியாகச் சாரல் வேறு சொட்டியது. சூடெல்லாம் வீணாக மேலே போகிறதே என்று சித்தப்பா தகட்டைத் தள்ளி மூடிவிட்டார். அப்புறம் ஆஹா, என்ன சுகம்! தலை லேசாக வலித்தது. கண்ணைச் சொக்கியது. உண்ட மயக்கம் என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போதே அவள் நாக்கு குழறியது.

எனக்கு அடுத்து நினைவிருப்பது சித்தியின் அலறல். "அக்கா, எழுந்திருங்க! ஏங்க, வெளிய போங்க!" வாசல் கதவைத் திறந்தாள். தம்பியைத் தூக்கிக்கொண்டுபோய் மழையில் உட்கார வைத்தாள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தாள். அம்மா தட்டுத்தடுமாறி வெளியே வந்து வாந்தி எடுத்தாள். சித்தப்பா சுவரைப் பிடித்தபடி வந்து சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சித்தி ஒவ்வொருவர் முகத்தையும் பிடித்து உலுக்கி, "உன் பேர் என்ன? சொல்லு, உன் பேர் என்ன?" என்று கேட்டாள். தம்பி சொன்னான். அம்மாகூட முனகினாள். எனக்கு மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்ல தூக்கத்தைக் கெடுத்து, மழையில் நனைய வைத்து, பேர் வேறு கேட்கிறாள்! தினமும் தலை பின்னிவிடுகிறவளுக்கு என் பேர் தெரியாதா? வாயை இறுக்க மூடிக்கொண்டேன். பளாரென்று கன்னத்தில் ஒரு அறை விழுந்தது.

"உனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

சித்தி என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அடித்துவிட்டு அவளே அழுகிறாள், இது என்ன நியாயம்? ரொம்ப நாள் அவளோடு டூ விட்டிருந்தேன். புகை இல்லாத தணலும் மூடிய அறையில் ஆளைக் கொல்லும் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். இந்த உயிர் சித்தி போட்ட பிச்சை. அதை அவளிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன், போடி பைத்தியம் என்றாள். ஆனால் நான் வீம்புக்கு வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவே இல்லை.