சின்னக் கிண்ணங்கள் வந்த கதை

போன மாதம் ஆராதனை முடிந்து படியிறங்கும்போது செல்வராணி என்னை மறித்தார். ஓய்வுபெற்ற தாதி, எங்கள் சபையின் இப்போதைய செயலாளர். ஆண்டு விழாவுக்காக ஆலய வரலாற்றை மறுபடி அச்சிடுகிறார்களாம். பழைய புத்தகத்தை எழுதியவன் நான்.

“ஒரு தடவை பாத்துக் குடுங்க சேர். பிழை இருந்தா திருத்திரலாம்.”

நான் எழுதியதில் பிழையா? வாத்தியார் திமிரோடு வாங்கிக்கொண்டேன்.

கண்டியிலிருந்து நாவலப்பிட்டிக்குப் போகிற வழியில் ஒரு சின்ன டவுன். அங்கே ஒரு மெதடிஸ்த ஆலயம். ஊர்ப் பெயர் வேண்டாமே. தகரக் கொட்டகையில் தொடங்கியது, மண்சரிவில் பின்சுவர் விழுந்தது — எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். பிறகு இந்த வரி வந்தது: ‘சபையாரின் சுகாதாரம் கருதி, திருவிருந்தில் பொதுக் கிண்ணத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு சிறு கிண்ணம் அறிமுகமானது.’

அழகான வரி. பச்சைப் பொய்.

நடந்தது இதுதான். நகரசபைத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளிலிருந்து முத்தையா என்பவர் குடும்பத்தோடு சபையில் சேர்ந்தார். டவுனைக் கூட்டுகிறவர், கக்கூஸ் கழுவுகிறவர். அதுவரை எல்லோரும் ஒரே கிண்ணத்தில்தான் திராட்சை ரசம் அருந்தினோம். முத்தையா வாய் வைத்த கிண்ணம் அடுத்து யாரிடம் போகும்? கிளாக்கர்மாரும் கடைக்காரர்களும் முணுமுணுத்தார்கள்.

அப்போது செயலாளர் நான். காரணத்தை வெளியே சொல்ல வெட்கம்... கூட்டத்தில் கிருமிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். சயன்ஸ் வாத்தியாரை யார் மறுப்பார்? கொழும்பிலிருந்து கண்ணாடிக் கிண்ணங்கள் வந்தன. வேறு சபைகளுக்கு அவை நல்ல காரணத்தோடு வந்திருக்கலாம். எங்களுக்கு வந்தது இதற்காக.

செல்வராணி அந்த முத்தையாவின் மகள்.

மூன்று நாள் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வரியை அப்படியே விட்டால் யாருக்குத் தெரியும்? அன்றைய கூட்டத்தில் இருந்தவர்களில் மிஞ்சியிருப்பவன் நான் மட்டும். மழை பெய்தால் குடை பிடித்து என்னை பஸ் ஏற்றிவிடுகிறவர் செல்வராணி. அந்த மதிப்பை இந்த வயதில் இழக்க வேண்டுமா?

நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். காரணம் கிருமி இல்லை, உங்கள் அப்பா என்று. மன்னிப்பும் கேட்டேன்.

தேத்தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: “எங்களுக்கு அப்பவே தெரியும் சேர்.”

பிறகு ஏன் சபையை விட்டுப் போகவில்லை?

“கூப்பிட்டது கர்த்தர். நீங்களா கூப்பிட்டீங்க?”

நான் தலை குனிந்திருந்தேன். அவர் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. “ஆனா ஒன்னு சேர்... அந்தக் கிண்ணத்தையெல்லாம் மாசா மாசம் யாரு கழுவினதுன்னு நெனைக்கிறீங்க? எங்கம்மாதான்.”

ஆலயத்தின் பின்பக்கம் நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. எந்த வீட்டு வாயிலிருந்து தப்பிக்க நினைத்தோமோ, அந்த வீட்டுக் கை கழுவிய கிண்ணத்தில்தான் இத்தனை காலம் பயபக்தியோடு குடித்திருக்கிறோம்! சாதிக்கு இரக்கம் கிடையாது என்பது தெரிந்த விஷயம். மூளையும் கிடையாது.

புதிய புத்தகத்தில் உண்மை இருக்கும் — என் பெயரோடு. கிண்ணம் கழுவிய அவர் அம்மா பாக்கியத்தின் பெயரும் இருக்கும்.

மன்னித்துவிட்டீர்களா என்று வாசலில் நின்று கேட்டேன். “வர்ற திருவிருந்துக்குக் கழுவுற முறை உங்களுக்குப் போட்டிருக்கேன். ஆராதனை முடிஞ்சதும் ஓடிராதீங்க.”

ஓடவில்லை. இந்த ஞாயிறு கழுவினேன். இரண்டு கிண்ணம் உடைந்தது.

அதையும் வரலாற்றில் சேர்க்கப் போகிறாராம்.